புக்கிட் பெலண்டோக் பேதி புராணம்

நெகிரி செம்பிலானின் சரித்திரத்தை எழுதியவர்கள் எல்லாரும் தலையிலிருந்துதான் தொடங்கினார்கள். எந்த உண்டாங் தலைவருக்கு யார் மருமகன், எந்த வெள்ளைக்காரத் துரை எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு எந்த வருஷம் ரயில் ஓடியது (1891, கேட்பவர்களுக்காக) என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். வயிற்றிலிருந்து தொடங்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோட்டத்தில் மரத்திலிருந்து வடிந்த பாலுக்குக் கணக்கு இருக்கிறது. மங்கு, வாளி, ஸ்டோர், கிராணியின் பேரேடு, கடைசியில் லண்டனில் பங்குதாரர் கூட்டம் என்று அது போன வழியெல்லாம் தெரியும். மரம் வெட்டியவனிடமிருந்து வடிந்ததற்குத்தான் பேரேடு இல்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தப் புராணம். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கை கழுவிவிட்டு வரலாம், நான் காத்திருக்கிறேன்.

புராணம் நடக்கும் இடம் புக்கிட் பெலண்டோக். போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் கோலாலம்பூர்க்காரர்கள் வார இறுதியில் குளிக்கப் போவார்களே, அந்தக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லுக்குட்டைத் தாண்டி உள்ளே போனால் வரும். சுற்றிலும் தானா மேரா, சுவா பெத்தோங், சிலியாவ் என்று தோட்டங்கள். முதலில் ரப்பர், அப்புறம் செம்பனை. நடுவே சீனர்களின் பன்றிப் பண்ணைகள். இந்த வட்டாரத்துக்கு நம் ஆட்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வெள்ளைக்காரன், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், பாட்டி, பேரன் எல்லாருக்கும் ஒரே கருத்து: இவன் உடம்புக்குள் ஏதோ கெட்டது இருக்கிறது, அதை வெளியே எடுக்க வேண்டும்.

கப்பலேறுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் டிப்போவில் அடைத்து, பார்த்து, தட்டி, அம்மை குத்தி அனுப்பினார்கள். பினாங்குப் பக்கம் போனவர்களை ஜெரஜாக் தீவில் இறக்கி மறுபடியும் தனிமை முகாமில் வைத்தார்கள். கூட்டம் கூட்டமாக அடைபட்டுக் கிடந்த கப்பலில் கொள்ளைநோய் வந்தால் ஊரே போய்விடும் என்பதால் அதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பழக்கம் கரையேறியதும் நிற்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மாநிலத்தின் தலைமை மருத்துவர் லெனார்ட் பிராடன். அவரைத் தூங்கவிடாமல் செய்த வியாதி பெரிபெரி. கால் மரத்துப் போகும், வீங்கும், நடை தள்ளாடும், ஒரு நாள் நெஞ்சடைத்து ஆள் போய்விடுவான். ஈயச் சுரங்கத்துச் சீனர்களும், ரோடு போட வந்த ஜாவாக்காரர்களும் மூட்டை மூட்டையாக இந்த நோயில் விழுந்தார்கள். ஈர மண்ணா, கெட்ட காற்றா, கிருமியா என்று மருத்துவ உலகம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பிராடன் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். தமிழன் மட்டும் கல்லுக் குண்டாட்டம் நிற்கிறான். அதே மழை, அதே மண், அதே கொசு. இவனுக்கு ஏன் வருவதில்லை?

அடுப்பைப் போய்ப் பார்த்ததில் விடை கிடைத்தது. சீனர் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசி. நம் ஆள் சாப்பிட்டது புழுங்கலரிசி. அந்த வாசனை மற்றவர்களுக்கு ஆகாது. நமக்கு அது இல்லாவிட்டால் சோறே இல்லை. கம்பத்து மலாய்க்காரர்கள் வீட்டிலேயே உரலில் குத்திச் சாப்பிட்டார்கள், அவர்களுக்கும் வரவில்லை. இதுவரை பிராடனுக்கு நூற்றுக்கு நூறு மார்க் போடலாம். அடுத்த வரியில்தான் அவர் வழுக்கினார். தீட்டிய பச்சரிசி பழசாகும்போது அதில் ஏதோ விஷம் ஊறுகிறது, அதுதான் ஆளைக் கொல்கிறது என்று முடிவு கட்டி, 1907-இல் தலையணைப் பருமனில் ஒரு புத்தகமே போட்டுவிட்டார்.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் ஃபிளெட்சர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பாதி நோயாளிகளுக்குப் பச்சரிசி, மறு பாதிக்குப் புழுங்கலரிசி. கட்டடத்தில்தான் கோளாறோ என்று சந்தேகம் வரக்கூடாதல்லவா, நடுவில் இரு தரப்பையும் வார்டு மாற்றிப் படுக்க வைத்தார். எந்த வார்டில் படுத்தாலும் பச்சரிசிக்காரர்கள்தான் விழுந்தார்கள். பிறகு மலாயா மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபு பக்கம் டுரியான் தீப்பூஸில் ரோடு வேலை செய்த 300 ஜாவாக்காரர்களை இரண்டாகப் பிரித்து அதே சோற்றுப் பரீட்சையை நடத்தினார்கள். அவர்களிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் கூலிக்குச் சோறு போட்டால் அதுவே சம்மதம். கடைசியில் தெரியவந்தது இதுதான்: பச்சரிசியில் விஷம் எதுவும் இல்லை. ஆலை தீட்டித் தள்ளிய தவிட்டோடு உயிருக்கு வேண்டிய ஏதோ ஒன்று போய்விடுகிறது. நெல்லை வேகவைத்துக் காயவைக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால் புழுங்கலரிசி காப்பாற்றுகிறது. பின்னால் அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர் வைத்தார்கள்.

பிராடனைப் பார்த்து மட்டும் சிரிக்க வேண்டாம். ஜாவாவில் கோழிகளை வைத்து இதே ஆராய்ச்சி செய்த எய்க்மானும் முதலில் அரிசியில் விஷம், தவிட்டில் மாற்று மருந்து என்றுதான் சொன்னார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். உடம்பு சரியில்லை என்றால் உள்ளே எதையோ தேடிப் பிடித்து வெளியே தள்ளத்தான் மனித புத்திக்குத் தோன்றும். உள்ளே எதுவோ குறைகிறது என்று தோன்றுவதற்குப் பெரிய படிப்பும் கொஞ்சம் அடக்கமும் வேண்டும். தோட்டத்தில் இரண்டாவது சரக்குக்கு எப்போதும் தட்டுப்பாடு.

அடுத்து வந்தவர்கள் புழு எண்ணிகள்.

கொக்கிப்புழு விஷயத்தில் நான் கிண்டலைக் குறைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு வழக்கில் உள்ளே உண்மையாகவே எதிரி இருந்தான். மண்ணில் மலம் கழித்தால் அதிலிருந்து பொரிக்கும் நுண்ணிய புழு வெறுங்காலைத் துளைத்து உள்ளே போகும். சுற்றி வளைத்துக் குடலுக்கு வந்து பல்லைப் பதித்து இரத்தம் குடிக்கும். வளர்ந்த பிறகு அதன் நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட நிச்சயமில்லை, ஆனால் நூற்றுக்கணக்கில் குடியிருந்தால் ஆள் வெளுத்துச் சோகை பிடித்து, நாலு மரம் வெட்டியதும் மூச்சு வாங்குவான். துரைமார்கள் அதற்குத் தமிழனின் சோம்பல் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை 1915-இல் ஒரு மருத்துவ ஆய்வுக் குழுவைக் கிழக்கே அனுப்பியது. தலைவர் சாமுவேல் டார்லிங், பனாமாக் கால்வாய் வெட்டியபோது அங்கே மருத்துவ ஆய்வுக்கூடத்தை நடத்தியவர். கூட பார்பரும் ஹேக்கரும். மலாயா, ஜாவா, ஃபிஜி என்று சுற்றினார்கள். அவர்கள் செய்த வேலையை எந்தப் புலவனும் பாடவில்லை என்பது தமிழுக்கு நஷ்டம். கூலிக்கு மருந்து கொடுத்து, பேதியாக்கி, வெளியே வந்ததை ஒரு துளி விடாமல் சேகரித்து, சல்லடையில் கழுவி, அதில் கிடந்த புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். தமிழனுக்கு எத்தனை, சீனனுக்கு எத்தனை, மலாய்க்காரனுக்கு எத்தனை என்று தனித்தனிப் பத்தி. கிராணி எடுத்த பால் கணக்கில் ஏமாந்த நம் ஆளுக்கு அந்த நாட்டில் ஒழுங்காக எழுதிக் கிடைத்த முதல் கணக்கு இதுதான் என்று நினைக்கிறேன்.

மருந்துகளின் கதை இன்னும் ருசி. முதலில் கொடுத்தது தைமால். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? ஓமத்திலிருந்து. முதல் உலகப் போர் வரும்வரை இந்தியாவிலிருந்து ஓமத்தை மூட்டை மூட்டையாக ஜெர்மனிக்குக் கப்பலேற்றி, அங்கே வடித்துப் பளிங்காக்கி, சீசாவில் அடைத்து, திரும்ப இந்தப் பக்கம் விற்றார்கள். பாட்டி ஓமத்தண்ணி கொடுத்தால் அது மூடப்பழக்கம். அதே ஓமம் ஹாம்பர்க் போய்த் திரும்பினால் விஞ்ஞானம். (நியாயமாகச் சொன்னால் பாட்டியின் ஓமத்தண்ணியில் புழுவைக் கொல்லும் அளவு சரக்கு கிடையாது. ஹாம்பர்க்கின் அளவில் மனிதனுக்கும் கொஞ்சம் தலை சுற்றும்.) தைமால் சாப்பிடும் நாளில் கள் கூடாது, எண்ணெயும் கூடாது, இரண்டும் தைமாலைக் கரைத்து இரத்தத்தில் ஏற்றிவிடும். அதனால் விளக்கெண்ணெய்க்குப் பதில் பேதி உப்பு. சம்பள நாளைக்கு மறுநாள் இந்த வைத்தியத்தை வைக்காமல் இருந்த டிரஸ்ஸர்தான் கெட்டிக்கார டிரஸ்ஸர்.

போரில் ஓமக் கப்பல் நின்றது. அமெரிக்கச் செடி ஒன்றிலிருந்து எடுத்த செனோபோடியம் எண்ணெய்க்கு மவுசு வந்தது. அளவு கொஞ்சம் கூடினால் காது செவிடாகும், இன்னும் கூடினால் ஆளே போய்விடுவான். 1921-இல் அமெரிக்காவில் மாரிஸ் ஹால் என்ற கால்நடை மருத்துவர் நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்து, கார்பன் டெட்ராகுளோரைடு புழுவைப் பிரமாதமாகக் கொல்கிறது என்றார். கோட்டுசூட்டை வெளுக்கவும் தீயணைக்கவும் வைத்திருந்த திரவம் அது. ஃபிஜியில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஊற்றினார்கள். அங்கே கரும்பு வெட்டிய நம் சனமும் அதில் உண்டு. புழு செத்தது. கூடவே சிலருடைய ஈரலும் செத்தது, முக்கியமாகக் குடித்துவிட்டு வந்தவர்களுக்கு. உடம்புக்குள்ளிருக்கும் விஷத்தை எடுக்க உடம்புக்குள் விஷத்தை ஊற்றிய இந்தக் காலம் நல்ல வேளையாக முடிந்தது. இன்றைக்கு அதே வேலையை 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று சத்தமில்லாமல் செய்கிறது. சல்லடையும் வேண்டாம், எண்ணவும் வேண்டாம்.

ஆனால் புழு திரும்ப வந்துகொண்டே இருந்ததே, அதற்கு என்ன செய்தார்கள்? மறுபடியும் பேதி கொடுத்தார்கள். காலில் செருப்பும் குடியிருந்த லயத்துக்கு நல்ல கக்கூஸும் இருந்திருந்தால் பாதிப் பிரச்சினை முடிந்திருக்கும் என்று டாக்டர்கள் சொல்லத்தான் செய்தார்கள். உலகத்துக்கே ரப்பர் வெட்டிக் கொடுத்தவன் காலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இல்லை என்பதில் இருக்கும் நகைச்சுவையை என்னால் மேம்படுத்த முடியவில்லை, அப்படியே விட்டுவிடுகிறேன்.

இப்போது தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வருவோம். அங்கே ஆண்டது டிரஸ்ஸர். டாக்டர் எப்போதாவது காரில் வந்து போவார். மீதி நாளெல்லாம் பிறப்பு, இறப்பு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வராதவன் மூன்றும் டிரஸ்ஸர் கையில். அவருடைய அலமாரியில் கொயினா, சிவப்புத் தண்ணி, வெள்ளைத் தண்ணி, பேதி உப்பு. எந்த நோய்க்கும் விசாரணை இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள்:

"ஐயா, தல வலிக்குதுங்க."

"வயிறு போச்சா?"

"போச்சுங்கய்யா."

"சரியாப் போயிருக்காது."

ஒரு கிளாஸ் பேதி உப்பு. தலைவலி உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்க மலாயாத் தோட்டங்களில் இதைவிடச் சிக்கனமான கருவி இருந்ததில்லை. பொய்யாக வந்தவன் அடுத்த வாரம் வரமாட்டான். உண்மையாக வந்தவனும் வரமாட்டான். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் நோயாளிகள் குறைவு, துரைக்கும் மகிழ்ச்சி.

டிரஸ்ஸரின் ஆட்சி ஆஸ்பத்திரி வாசலோடு சரி. லயத்துக்குள் ஆட்சி பாட்டியுடையது. பாட்டியின் பீரங்கி விளக்கெண்ணெய். பள்ளி விடுமுறையில், வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நாள் குறிப்பார்கள். ஒரு வீட்டில் குறித்தால் லயம் முழுக்கத் தொற்றிக்கொள்ளும். விடியற்காலையில் வெறும் வயிற்றில், அடுப்பு வெளிச்சத்தில், சுடவைத்த எண்ணெய் ஒரு குழிக்கரண்டி. வாசனையை மறைக்க வரக்காப்பி. அதன் விளைவாக வாழ்நாள் முழுக்க வரக்காப்பியைக் கண்டால் விளக்கெண்ணெய் நினைவு வரும் ஒரு தலைமுறையே உருவானது.

"மூக்கப் புடிச்சிக்கிட்டு ஒரே மடக்கு! துப்புன, இன்னொரு கரண்டி."

"போன தடவதான் குடிச்சேன் பாட்டி."

"போன தடவ போனது போன தடவ அழுக்கு."

இந்தத் தர்க்கத்துக்கு இன்றைக்கும் பதில் கிடையாது. ஒன்பது மணிக்குள் லயத்தின் கடைசியில் இருந்த கக்கூஸ் வரிசைக்கு முன்னால் பெரட்டைவிட ஒழுங்கான வரிசை நிற்கும். ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட டாக்டர் மாமாவானாலும், பின்னாளில் தொழிற்சங்கத்தில் மேடையேறிய அண்ணனானாலும், அந்த வரிசையில் முன்னே போகக் கெஞ்சியவர்கள்தான். சரியாகப் போகாவிட்டால் சுடுதண்ணி கொடுத்து விரட்டுவார்கள். ரொம்பப் போனால் மோர் கொடுத்து அணை கட்டுவார்கள். மத்தியானம் ரசஞ்சோறு. மாலையில் பிள்ளைகள் துவண்டு படுத்திருப்பார்கள். பாட்டி, "பாரு, உடம்பு எவ்ளோ லேசா ஆயிடுச்சி" என்பார். லேசாகத்தான் ஆகியிருக்கும். உடம்பிலிருந்த தண்ணியும் உப்பும் வாளிக் கணக்கில் போயிருக்கிறதே.

விளக்கெண்ணெய் என்ன செய்கிறது? ஆமணக்கு விதையில் ரைசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஒழுங்காக எடுத்த எண்ணெயில் அது வராது. குடலுக்குள் போனதும் எண்ணெய் உடைந்து ஓர் அமிலம் பிரிகிறது. குடல் தசையில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட ஏற்பியை அது பிடித்து முறுக்குகிறது என்று 2012-இல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். அதே ஏற்பி கருப்பையிலும் உண்டு. வலி வராத பிள்ளைத்தாச்சிக்கு விளக்கெண்ணெய் கொடுத்த பழக்கத்தின் சூட்சுமம் அதுதான். கர்ப்பிணிகள் தானாக அதைத் தொடக்கூடாது என்று டாக்டர்கள் சொல்வதும் அதனால்தான். ஆக அது குடலை முறுக்குகிறது, குடலுக்குள் விஷத்தைத் தேடிப் போவதில்லை. மலச்சிக்கலுக்கு எப்போதாவது உதவும். காரணம் தெரியாத வயிற்றுவலிக்குக் கொடுப்பதுதான் ஆபத்து. குடல்வால் அழற்சியாக இருந்தால் பேதி அதை வெடிக்கவைக்கலாம்.

இதற்கெல்லாம் பாட்டியைக் குற்றம் சொன்னால் அவர் தேரையரைக் காட்டுவார். பிணி அணுகாமல் இருக்க நாலு மாதத்துக்கு ஒரு முறை பேதி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாந்தி என்று சித்த மருத்துவத்தில் விதி உண்டு. ஆனால் அந்த விதியை எழுதியவர் அதே மூச்சில் எண்ணெய்க் குளியல், அளவான சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம் என்று ஒரு முழு வாழ்க்கையையே விதித்திருந்தார். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது பேதி மட்டும். அதிலும் நேர்வாளம் மாதிரிச் சரக்கெல்லாம் முறைப்படி சுத்தி செய்யாமல் தொட்டால் குடலைப் புண்ணாக்கிவிடும் என்று வைத்தியர்களே எச்சரிப்பார்கள். கப்பலில் எல்லாரும் வந்தார்கள், பதம் தெரிந்த வைத்தியர் எல்லாத் தோட்டத்துக்கும் வரவில்லை.

வேப்பெண்ணெய் விஷயத்தில் எனக்கு விளையாட்டு வரவில்லை. சளிக்கும் பூச்சிக்கும் கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டுவது நம் வீடுகளில் வழக்கமாக இருந்தது. 1981-இல் கோலாலம்பூர் டாக்டர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்: வேப்பெண்ணெய் குடித்த 13 குழந்தைகள், குடித்த சில மணி நேரத்தில் வாந்தி, மயக்கம், வலிப்பு, மூளையும் ஈரலும் பாதிப்பு. சில குழந்தைகள் பிழைக்கவில்லை. கொடுத்த கைகள் எல்லாம் பாசமுள்ள கைகள். பாசத்துக்கு மில்லிலிட்டர் கணக்கு தெரியாது. கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் வாய்க்குள் போகவே கூடாது. இதில் "எங்க வீட்ல கொடுத்தாங்க, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்பவர்களிடம் நான் வாதாட மாட்டேன், இல்லாதவர்கள் வந்து சாட்சி சொல்ல முடியாது.

இதெல்லாம் படிப்பில்லாத கூலிச்சனத்தின் கூத்து என்று நினைக்கிறீர்களா? அதே காலத்தில் லண்டனில் சர் ஆர்பத்னாட் லேன் என்ற மகா அறுவை நிபுணர், மலச்சிக்கலால் உடம்பு முழுக்க விஷம் பரவுகிறது என்று சொல்லிப் பெருங்குடலையே வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார். நம் பாட்டி குறைந்தபட்சம் குடலைத் திருப்பிக் கொடுத்தார். இத்தாலியில் முசோலினியின் கருஞ்சட்டைப் படை எதிர்க்கட்சிக்காரர்களைக் கட்டிவைத்து விளக்கெண்ணெய் ஊற்றியது. நம் ஊரில் பாசத்துக்கு ஊற்றியதை அங்கே தண்டனைக்கு ஊற்றினார்கள். ஊற்றிய விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று குடித்த பிள்ளைகள் சொல்வார்கள்.

ஜப்பான்காரன் வந்தபோது அரிசியே போய் மரவள்ளிக் கிழங்கு வந்தது. பேதியாவதற்கு அப்போது யாரும் மருந்து தேடவில்லை.

புக்கிட் பெலண்டோக்கின் பெயரை உலகம் கேட்டது 1999-இல். முந்தைய வருஷக் கடைசியில் ஈப்போப் பக்கம் தொடங்கிய மூளைக்காய்ச்சல் சிக்காமாட்டுக்கும் இங்கேயும் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல், கொசுதான் காரணம் என்று முடிவு கட்டிப் புகை அடித்தார்கள், தடுப்பூசி குத்தினார்கள். ஊர் முழுக்கப் புகை. பண்ணைக்காரர்கள் சாவதோ நிற்கவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா கா பிங் அது வேறு கிருமி என்று கண்டுபிடித்தார். பக்கத்துச் சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு ஆனது. பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கு, பன்றியிலிருந்து மனிதனுக்கு. 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். பிராடனின் பச்சரிசிக் கதைதான் இங்கேயும் நடந்தது. எதிரியின் பெயர் தெரியும்வரை அடித்த புகையெல்லாம் வீண். பெயர் தெரிந்த பிறகு சில வாரத்தில் நோய் கட்டுக்குள் வந்தது.

இந்த மண்ணில் பிறந்த பேரப்பிள்ளைகள் இன்றைக்கு ரவாங்கிலும் கிள்ளானிலும் இருக்கிறார்கள். கையில் விளக்கெண்ணெய் கிடையாது. டீடாக்ஸ் காப்பி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்து, பையைத் திறக்கிறார்கள்.

"அண்ணே, இத ஏழு நாள் குடிங்க. உடம்புல உள்ள விஷமெல்லாம் வெளிய வந்துடும்."

"என்ன விஷம் தம்பி?"

"டாக்ஸின் அண்ணே."

"அதான், என்ன டாக்ஸின்?"

"எல்லா டாக்ஸினும்லா."

பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் பார்த்தால் பெரும்பாலும் நிலாவாரை இருக்கும். பாட்டியின் சரக்குதான், விலைதான் ஹாம்பர்க் போய்த் திரும்பிய ஓமத்தின் விலை. அது நல்ல மலமிளக்கி. ஆனால் வாரக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். எடை குறைந்தது என்பது தண்ணி குறைந்தது, அடுத்த நாசி லெமாக்கில் திரும்ப வந்துவிடும். சில பொட்டலங்களில் சொல்லாமல் கலந்த சிபுட்ரமின் பிடிபட்டிருக்கிறது, மாரடைப்பு அபாயத்தால் 2010-இல் விலக்கிய மருந்து அது. பாதத்தை உப்புத் தண்ணியில் வைத்தால் தண்ணி பழுப்பாகிறதே, விஷம் வெளியேறுகிறதே என்பார்கள். பாதத்தை எடுத்துவிட்டு மின்சாரத்தை ஓடவிடுங்கள், அப்போதும் பழுப்பாகும். இரும்புக் கம்பி துருப்பிடிக்கிறது, அவ்வளவுதான்.

உண்மையில் இந்த வேலைக்கு உடம்பில் ஏற்கெனவே ஆள் போட்டிருக்கிறது. ஈரல் ஒன்றரைக் கிலோ கனத்தில் இரவு பகலாக நஞ்சை மாற்றிக் கொடுக்கிறது; சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டுகின்றன. இரண்டும் நம் தாத்தா பாட்டி மாதிரி, லீவு கேட்காமல், போனஸ் கேட்காமல், யாரும் பாராட்டாமல் உழைக்கிற தோட்டத்து ஜாதி. அவற்றைக் கெடுப்பவை சம்சு சாராயம், கட்டுப்படுத்தாத சர்க்கரை, ரத்தக்கொதிப்பு. பேதி கொடுத்து அவற்றுக்கு உதவ முடியாது. சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வயதானவர்கள் இந்தப் பொட்டலங்களைப் பிரிக்கும் முன் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. பதிவு பெற்ற சரக்குக்குப் பெட்டியில் மால் (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும், அதையும் பாருங்கள்.

கடைசியாக ஒரு முகவரி. மலேசியாவின் முதல் ஒருங்கிணைந்த நச்சுக்கழிவு நிலையம், தொழிற்சாலைகளின் அமிலம், கரைப்பான், உலோகச் சேறு எல்லாவற்றையும் எரித்தும் மாற்றியும் புதைத்தும் தீர்க்கிற இடம், எங்கே இருக்கிறது? லாடாங் தானா மேரா, புக்கிட் பெலண்டோக், போர்ட்டிக்சன். நூறு வருஷம் பேதி குடித்த மண்ணுக்கு நாடு கொடுத்த பதவி உயர்வு. அங்கே ஒரு பீப்பாய் போய்ச் சேர வேண்டுமானால் உள்ளே என்ன விஷம் என்று மேலே எழுதி, அதற்குரிய குறியீட்டு எண்ணையும் போட வேண்டும். 2005-ஆம் ஆண்டு விதிமுறைகள் 77 வகைக் கழிவுகளைப் பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன. "எல்லா டாக்ஸினும்லா" என்று எழுதிய பீப்பாயை அங்கே இறக்க முடியாது. அடுத்த தடவை உங்கள் சோபாவில் யாராவது உட்கார்ந்து பையைத் திறந்தால், எந்த விஷம், எந்த அளவு, எடுத்த பிறகு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒரு வரக்காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள், பாவம், தூரத்திலிருந்து வந்திருப்பார்.